உள்ள என்ன செய்யுத, வெளிய வா

ஒட்டுக்கேட்டேன்னு நெனைக்காதிய அண்ணாச்சி. நீங்க போன்ல பேசுனது டிரைவருக்கே கேட்டிருக்கும். "கணக்குல தொண்ணூத்தாறு, இங்கிலீசுல அறுவத்திரெண்டு, இதை வெச்சு எவம்ல ஒனக்கு எம்.பி.ஏ. சீட்டு குடுப்பான்"ன்னு பல்லடம் தாண்டுனதுல இருந்து மகனைப் போட்டு வறுக்கிய. அவனை விடுங்க, பாவம். ஒண்ணுல கூடி ஒண்ணுல கொறைஞ்சா சீட்டு கெடைக்குமா கெடைக்காதான்னு இந்த பஸ்ஸுல ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் ஒங்க பக்கத்து சீட்டுல உக்காந்து ஒங்க முறுக்கைத் தின்னுக்கிட்டு இருக்கான்.

நல்லாருக்கு முறுக்கு. வீட்டுல சுட்டதா?

என் பேரு உச்சிமாகாளி. ஊரு பாளையங்கோட்டை. படிப்பு ஆறாப்பு, அதுலயும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். இவன் எங்க எம்.பி.ஏ.யைப் பத்திப் பேசுதான்னு பாக்கிய. பாருங்க, பாருங்க. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் பாப்பாவ.

தொழிலு குரல். தெருவுல குட்டியானை வண்டி வரும்லா, மேல குழாய் ஸ்பீக்கர் கட்டி? "பழைய இரும்பு, பழைய பேப்பரு, ஓட்டை ஒடசல் பிளாஸ்டிக்கு"ன்னு மூக்கால ஒருத்தன் அழுவாம்லா, அது நான். "கல்லு உப்பேஏஏய்"ன்னு தொண்டை கட்டுனவன் கத்துவாம்லா, அதுவும் நான். "அக்கா, நைட்டி அக்கா, சாயம் போனா திருப்பி வாங்கிக்கிடுதோம் அக்கா"ன்னு ஒரு பிள்ளை கொஞ்சுமே? முறைக்காதிய. அதுவும் நாந்தான். எத்தனையோ ஆம்பிளையாளு அந்தக் குரலுக்கு ஜன்னலைத் தொறந்து பாத்திருக்கான். நான் யார் பேரையும் வெளிய சொல்லுததில்ல.

வண்டிக்காரன் வீட்டுக்கு வந்து, "அண்ணே, எனக்கு இன்ன சரக்கு, இன்ன தெரு"ம்பான். நான் போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு செல்போன்ல பேசிக் குடுப்பேன். போர்வை எதுக்குன்னா, எங்க வீடு ஒத்த அறை. குக்கர் விசிலு உள்ள வந்துரும். ஒருக்கா வந்துட்டு. கோலமாவுக்காரன் மூணு மாசம் எங்க வீட்டு குக்கரையும் சேத்து ஊரெல்லாம் கூட்டிக்கிட்டுப் போனான்.

எத்தனை குரல் குடுத்தாலும் ராஜா யாருன்னா பூண்டு. மிக்கேல்னு ஒருத்தன், மலைப்பூண்டு வண்டி. அவனுக்குப் பேசிக் குடுத்தது இருவத்தோரு வருசத்துக்கு முந்தி, டேப் ரிக்கார்டர்ல. இன்னைக்கு வரைக்கும் மாத்தலை. மெதுவாச் சொல்லுதேன், பஸ்ஸுல பிள்ளை தூங்குது:

"மலைப்பூண்டு மலைப்பூண்டு! உரிச்சா மணக்கும், உரிக்காட்டாலும் மணக்கும்! ஏட்டி வடிவு! உள்ள என்ன செய்யுத? கூடையை எடுத்துட்டு வெளிய வா! போயிருவேன், போனா வரமாட்டேன், ஏட்டி வடிவு, வெளிய வா!"

மெதுவாத்தான் சொன்னேன்! பிள்ளை முழிச்சிட்டா? மன்னிச்சுக்கோ தாயி. தூங்கு, தூங்கு. இந்த மாமா இனும பேசமாட்டேன்.

வடிவுங்கது எம் மகதான். சர்ட்டிபிகேட்ல வடிவாம்பிகை. அன்னைக்கு அவளுக்கு ரெண்டு ரெண்டரை வயசு இருக்கும். நான் போர்வைக்குள்ள கெடந்து பூண்டு பூண்டுன்னு கத்துதேன், இவ கட்டிலுக்கடியில பூந்துக்கிட்டு வரமாட்டேங்கா. அவளைக் கூப்பிட்டேன். அதுவும் சேந்து பதிவாயிட்டு. அழிச்சிட்டு வேற பேசுதேம்லேன்னா, மிக்கேலு, "அண்ணே, இதுதாம்ணே கெத்து, இருக்கட்டும்"ன்னுட்டான். இருந்துட்டு. பாளையங்கோட்டையில பூண்டு தீந்த வீட்டுல எல்லாம் எம் மகளைத் தெரியும். பள்ளிக்கூடத்துல அவளைப் பாத்தா, "ஏட்டி வடிவு, வெளிய வா"ன்னுதான் கத்துவாளுவளாம். ஒருநா எங்கிட்ட வந்து கொறை சொன்னதில்ல.

படிப்புல சூட்டிகை. என் வீட்டுல எப்படி வந்து பொறந்தான்னு என் வீட்டுக்காரி சொர்ணம் இப்பமும் யோசிப்பா. பி.காம். முடிச்சா, ஆடிட்டர் ஆபீசுல ரெண்டு வருசம் இருந்தா, பொறவு ஒருநா, "எப்பா, எம்.பி.ஏ. பரீட்சை எழுதப் போறேன்"னா. எழுதுன்னேன். வேற என்ன சொல்ல? எனக்கு அந்த மூணு எழுத்துக்கு மேல தெரியாது.

வருசம் பூரா படிப்பு. நான் போர்வைக்குள்ள உப்பு விப்பேன், அவ போர்வைக்கு வெளிய இங்கிலீசு பேப்பரு படிப்பா. சத்தம் அவளுக்கு ஒண்ணும் செய்யாது. கோச்சிங் சென்டர்ல மாதிரிப் பரீட்சை வெப்பாம்லா, அதுல இங்கிலீசுல தொண்ணூறு. ஒருக்கா இல்ல, ஏழு தடவை. இதை ஞாவகம் வெச்சுக்கிடுங்க.

பரீட்சை நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில எட்டரைக்கு. ஊருக்கு வெளிய ஒரு இன்ஜினியரிங் காலேஜு. நாந்தான் வண்டியில கொண்டு விட்டேன். போற வழியில சொல்லுதா, "எப்பா, மொத நாப்பது நிமிசம் இங்கிலீசு. பொறவு லாஜிக்கு நாப்பது. கடைசியில கணக்கு நாப்பது. ஒண்ணு முடிஞ்சா பூட்டிரும், திரும்பிப் போக முடியாது." நான், "நல்லா எழுதுட்டி, நான் இங்கனயேதான் நிப்பேன்"ன்னேன். நின்னேன். அதுதான் அண்ணாச்சி வெனை.

கேட்டைப் பூட்டிட்டான். வெளிய தாய் தகப்பன் ஒரு நாப்பது அம்பது பேரு. எல்லா மூஞ்சியும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க மாதிரி இருக்கு. ஒருத்தரும் பேச மாட்டேங்காவ. எனக்கு பேசாம இருந்தா நெஞ்சு அடைக்கும். பக்கத்துல ஒரு அம்மாட்ட "மகளா, மகனா?"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடுதேங்கா. இன்னொருத்தர்ட்ட "வெயிலு என்ன போடு போடுது"ன்னேன். எட்டரை மணிக்கு என்ன வெயிலுங்காரு.

அப்பத்தான் மிக்கேலு வாரான்.

எங்கேயோ போற பய, கூட்டத்தைப் பாத்துட்டு வண்டியை இங்க திருப்பிருக்கான். அன்னா குழாயில நான் வாரேன்: "மலைப்பூண்டு மலைப்பூண்டு!" எனக்கு வேட்டி நிக்கலை. "சார், அது யார் குரலு தெரியுமா? நாந்தான்"ங்கேன். ஒருத்தரும் நம்பலை. என் மூஞ்சிக்கும் அந்தக் குரலுக்கும் ஒட்டலையாம். விடுவனா? ஏ மிக்கேலு, பாட்டை நிப்பாட்டு, மைக்கைக் குடுன்னு வாங்கி, வண்டி மேல ஏறி நின்னு, நேராவே எடுத்து விட்டேன். "ஏட்டி வடிவு! உள்ள என்ன செய்யுத? வெளிய வா!" சாமி கும்பிட்ட அம்மா கண்ணைத் தொறந்துட்டா. ரெண்டு கிலோ வாங்குனா. வெயிலு இல்லைன்னவரு சிரிக்காரு. "இரும்பு யாவாரி குரல் வருமா?" வரும். "நைட்டி?" அதுவும் வரும். வாட்ச்மேன் வந்தான், வெரட்டத்தான் வாரான்னு நெனைச்சேன், கால் கிலோ கேட்டான். "மிக்கேலு, காம்பவுண்டைச் சுத்தி இன்னொரு ரவுண்டு போவோம்லே, அந்தப் பக்கமும் ஆளு நிக்கு"ன்னேன். மூணு ரவுண்டு. என் ஆயுசுல அப்படி ஒரு கச்சேரி நடந்ததில்ல அண்ணாச்சி. ஒம்பது பத்து வாக்குல உள்ள இருந்து டை கட்டுன ஆளு ஒருத்தன் கையை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தான். பொறாமை பிடிச்சவன்னு நெனைச்சுக்கிட்டு எறங்குனேன்.

எட்டரையில இருந்து ஒம்பது பத்து. கணக்குப் போட்டுட்டியளா? நீங்க போட்டுட்டிய. சிரிக்கிய. எனக்கு அதைப் போட நாலு மாசம் ஆச்சு.

பதினொண்ணுக்கு வெளிய வந்தா. என்னையப் பாத்துக்கிட்டே நிக்கா.

"எப்பா, இங்கனயேவா நின்னிய?"

"பின்ன? சொன்னேம்லா."

"எங்கயும் போகலையா?"

"ஒரு அடி நகரலையே. எப்படிட்டி எழுதிருக்க?"

"எழுதிருக்கேன்."

மிக்கேலு எனக்கு ஒரு பை பூண்டு குடுத்திருந்தான், சந்தோசத்துல. அதை வண்டியில வெக்க எடமில்ல. அவதான் வீடு வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு வந்தா. 

தை மாசம் ரிசல்ட்டு. கணக்கு தொண்ணூத்தொம்பது, லாஜிக்கு தொண்ணூத்தேழு, இங்கிலீசு அம்பத்தெட்டு. மார்க்கு இல்லையாம் இது. நூறு பேரை வரிசையா நிறுத்துனா அம்பத்தெட்டு பேருக்கு முன்னால நிக்கான்னு அர்த்தமாம். பின்னால திரும்பிப் பாத்தா பெருமையாத்தான் இருக்கு. முன்னால பாத்தா நாப்பது முதுகு தெரியுது.

நான் ஆடுன ஆட்டம் இருக்கே! கம்ப்யூட்டர் தப்பாத் திருத்திட்டுன்னேன். டெல்லிக்கு மனு போடுவோம்னேன். வெள்ளைக்காரன் போயும் பாசையை விட்டுட்டுப் போயிட்டானேன்னு அவனைப் பிடிச்சேன். அன்னைக்குக் காலையில இட்லிக்கு எதுக்குட்டி எள்ளுப்பொடி வெச்ச, சூடுல்லான்னு சொர்ணத்தைப் பிடிச்சேன். வடிவு மட்டும், "தூக்கம் வந்துட்டுப்பா, விடுங்க"ன்னா. ஏழு தடவை தொண்ணூறு வாங்குன பிள்ளைக்கு எட்டாவது தடவை மட்டும் தூக்கம் வருமான்னு எனக்குத் தோணலை பாருங்க.

நேரா கோச்சிங் சென்டருக்குப் போனேன். அங்க கிரிதரன்னு ஒரு சாரு. தாடையை அசைக்காமப் பேசுவாரு. "மிஸ்டர் உச்சி. லிசன். மொத்தத்தைக் கூட்டிப் பாத்தா ஒங்க பொண்ணு நல்ல ஸ்கோர்தான். ஆனா காலேஜுக்காரன் மொதல்ல மொத்தத்தைப் பாக்க மாட்டான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கோடு கிழிச்சிருப்பான். ஒரு பாடம் கோட்டுக்குக் கீழ போனாலும் முடிஞ்சது. கணக்குல நூறே வாங்கிருந்தாலும் அது இங்கிலீசுக்கு வந்து முட்டுக் குடுக்காது."

"கோடு எங்க சார் இருக்கு?"

"ஒரு காலேஜுல எண்பது. ஒண்ணுல எழுபது. ஒண்ணுல அம்பத்தஞ்சு."

"அந்த அம்பத்தஞ்சு எங்க சார் இருக்கு?"

கோயம்புத்தூர் பக்கத்துல இருந்துச்சு. அஞ்சு எடத்துக்குப் போட்டதுல நாலு பேரு கையை விரிச்சிட்டான். அந்த அம்பத்தஞ்சுக்காரன் மட்டும் இன்டர்வியூவுக்கு வான்னான். கிரிதரன் சாரு சொல்லிட்டாரு: "போனதும் இந்த மேடு பள்ளத்தைத்தான் கேப்பான். ஏன் இதுல மட்டும் கொறைஞ்சதுன்னு. பதிலு கையில இருக்கணும். ‘எனக்கு வாசிப்புப் பழக்கம் கொஞ்சம் கொறைவு, இப்ப தெனமும் வாசிக்கேன்’. பொய்யா இருந்தாலும் மரியாதையான பொய்யி."

வீட்டுல பழக்குனேன். மூணு வாத்தியாரும் நாந்தான். ஒருத்தருக்கு ஆடிட்டரு குரலு, ஒருத்தருக்கு எங்க கவுன்சிலரு குரலு. மூணாவது ஒரு மேடம் வேணும்னா, நைட்டிக் குரலையே கொஞ்சம் ஏ.சி.யில வெச்ச மாதிரி. "மிஸ் வடிவாம்பிகை, எதுக்கு ஒங்களுக்கு இங்கிலீசுல கொறைஞ்சது?" தரையைப் பாத்துக்கிட்டு "வாசிப்புப் பழக்கம் கொறைவு மேடம்"ங்கா. "நிமுந்து சொல்லுட்டி"ன்னேன். என் மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்ல வரலை அவளுக்கு. நான் என்னடான்னா, பிள்ளைக்குக் கூச்சம்னு நெனைச்சு நாலு நாள் தொண்டை கட்டுத வரைக்கும் கேட்டேன்.

மார்ச்சுல இன்டர்வியூ. அந்தக் காலேஜுலயே. வெளிய வராந்தாவுல நாற்காலி போட்டிருக்கு, கூட வந்தவிய உக்கார. கதவு சாத்தியிருக்கு. என் பக்கத்துல ஒரு டாக்டரு, தென்காசிக்காரரு. அவரு மகனுக்கும் அன்னைக்குத்தான்.

"ஒங்க பொண்ணுக்கு பரீட்சை சென்டர் எங்க போட்டிருந்தாங்க?"ன்னாரு.

சொன்னேன்.

"அட, என் பையனும் அங்கதான்! கேளுங்க சார் கொடுமையை. அன்னைக்குக் காலையில எவனோ ஒரு பூண்டு யாவாரி, மடப்பய, காம்பவுண்டைச் சுத்திச் சுத்தி வந்து மைக்குல கத்திருக்கான் சார். கரெக்டா இங்கிலீசு நேரம். ஏட்டி வடிவு, வெளிய வா, வெளிய வான்னு. எந்த வடிவோ? பிள்ளைங்க ஒரு வரி படிக்க முடியலையாம். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

அண்ணாச்சி, எனக்குக் காது ரெண்டும் ஙொய்யின்னுட்டு. தொண்ணூறு, தொண்ணூறுன்னு ஏழு தடவை. எட்டரை, ஒம்பது பத்து. மடியில பூண்டுப் பையி. எல்லாம் ஒண்ணா வந்து நிக்கு. தெருவுல நாய் கொலைச்சாலும் படிப்பா, பக்கத்து வீட்டுல சண்டை நடந்தாலும் படிப்பா, நான் போர்வைக்குள்ள எந்தக் குரல்ல கத்துனாலும் படிப்பா. அன்னைக்கு மட்டும் நான் வெளிய நின்னு அவ பேரைச் சொல்லி உள்ள என்ன செய்யுத, வெளிய வான்னு நாப்பது நிமிசம் கூப்பிட்டிருக்கேன். மைக்கைப் பிடிச்சு.

நெஞ்சு வெடிச்சு அழுதிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? கத்துனவன் நாந்தான்னு டாக்டருக்குத் தெரிஞ்சிருமோன்னு பயந்து, டக்குன்னு கிரிதரன் சார் குரலுக்கு மாறிட்டேன். தாடையை அசைக்காம, "எக்ஸாக்ட்லி. அவனையெல்லாம் சும்மா விடக்கூடாது"ங்கேன். அதுவரைக்கும் நெல்லைத் தமிழ்ல அளந்துக்கிட்டு இருந்தவன் திடீர்னு இங்கிலீசுல உறுமுதேன். அந்த மனுசன் என் நெத்தியைத் தொட்டுப் பாக்க வாராரு. என்ன இருந்தாலும் டாக்டருல்லா.

"ஒங்க பையனுக்கு இங்கிலீசுல எவ்வளவு சார்?"

"எண்பத்தொம்பது. அந்தப் பய இல்லைன்னா தொண்ணூத்தஞ்சு போயிருப்பான்."

பாத்தியளா? எல்லாப் பிள்ளையும் காதைப் பொத்திக்கிட்டு எழுதிருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் அது அப்பன் குரலு இல்லையே.

அந்த நேரம் பாத்து உள்ள இருந்து சத்தம் வருது அண்ணாச்சி. சாத்துன கதவுக்கு அந்தாண்ட இருந்து. என் குரலு! "மலைப்பூண்டு மலைப்பூண்டு! உரிச்சா மணக்கும், உரிக்காட்டாலும் மணக்கும்!" அதே இழுப்பு. "வெளிய வா"ங்கதுல கடைசியில ஒரு சுண்டு சுண்டுவேன், அந்தச் சுண்டு முதக்கொண்டு. நான் வாயைத் தொட்டுப் பாக்கேன். வாயி மூடித்தான் இருக்கு. டாக்டரு நாற்காலியில இருந்து குதிச்சாரு. "அதே பூண்டுப் பாட்டு! அவன் இங்கேயும் வந்துட்டான்!" வராந்தாவுல கூட்டுதவன் தொடைப்பத்தோட ஓடி வாரான். உள்ள ஒரே சிரிப்பு.

கதவு தொறந்து என் மக வாரா. மூஞ்சி செவந்து கெடக்கு. டாக்டரு அவளைப் பாக்காரு, என்னையப் பாக்காரு. கையில இருந்த இன்டர்வியூ பட்டியல்ல பேரைப் பாக்காரு. "நீதானாம்மா வடிவு?"

"ஆமா சார். இவிய எங்க அப்பா."

"வணக்கம்"ன்னேன். கிரிதரன் சார் குரல்லதான்.

மனுசன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "ரொம்ப நல்லாக் கத்துறீங்க"ன்னுட்டு வேற நாற்காலிக்குப் போயிட்டாரு.

திரும்பி வாறப்போ பஸ்ஸுல சொன்னா. உள்ள மூணு பேரு. நான் வெச்ச மாதிரியே ஒரு மேடம். "கணக்குல தொண்ணூத்தொம்பது, இங்கிலீசுல அம்பத்தெட்டு, ஏன் இந்த மேடு பள்ளம்?"ன்னிருக்காவ. இவ வாசிப்புப் பழக்கம்னு ஆரம்பிச்சிருக்கா. பொய்யி தொண்டையை விட்டு வரலையாம். அப்படியே சொல்லிட்டா, வெளிய எங்க அப்பா என்னையக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு. "ஹால்ல இருந்த சூப்பர்வைசர்ட்ட கம்ப்ளைன்ட் பண்ணிருக்கலாமே?"ன்னிருக்காரு ஒருத்தரு. "பண்ணியிருந்தா அவியளைப் பிடிச்சிருப்பாங்க சார்"ன்னாளாம். அப்ப மேடம், "எப்படிக் கூப்பிட்டாரு, கூப்பிட்டுக் காட்டு"ன்னிருக்காவ. அதுதான் நாங்க வெளிய கேட்டது.

அதோட விடலை. "பூண்டு விக்க எதுக்கு ஒரு பேரைச் சொல்லணும்?"ன்னு கேட்டிருக்காவ. இவ சொல்லுதா: "அம்மா, அக்கான்னு எல்லாரையும் கூப்பிட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க மேடம். ஒரு பேரைச் சொன்னா, அந்தப் பேரு இல்லாதவங்க எல்லாரும் யாரு அதுன்னு எட்டிப் பாப்பாங்க. எட்டிப் பாத்துட்டா பாதி யாவாரம் முடிஞ்சது. எங்க அப்பா யோசிச்சுத்தான் வெச்சாங்க."

நான் எங்க யோசிச்சேன்? இவ கட்டிலுக்கடியில இருந்து வரலை, கூப்பிட்டேன். அவ்வளவுதான். அவ சொன்னப்பொறம் எனக்கே நான் பெரிய மண்டைக்காரன் மாதிரி இருந்துச்சு. "எப்பா, ஒண்ணும் நெனைக்காதிய"ன்னா. நான் மதுரை வரைக்கும் வாயே தொறக்கலை. கண்டக்டரு, "அவருக்கு ஒடம்புக்கு முடியலையாம்மா?"ன்னு கேட்டான் அவட்ட.

ஊருக்கு வந்ததும் மொத வேலையா மிக்கேலைக் கூப்பிட்டுப் பாட்டை மாத்திட்டேன். "மலைப்பூண்டு, வாங்கம்மா வாங்க." முடிஞ்சது. வடிவும் இல்ல, வெளிய வாவும் இல்ல. அவன் அழுதுட்டான். "அண்ணே, ஒரு ஜன்னலு தொறக்க மாட்டேங்குண்ணே"ங்கான். தொறக்காட்டாப் போகுது. எம் பிள்ளை பேரை இனும தெருவுல கூப்பிடமாட்டேன்னுட்டேன். பேச்சையும் கொறைச்சிட்டேன் அண்ணாச்சி. சிரிக்கிய. நீங்க முன்னால என்னையக் கேட்டிருக்கணும்.

மே மாசம் கடுதாசி வந்துட்டு. சீட்டு கெடைச்சிட்டு! இன்னைக்குக் காலையிலதான் கொண்டு போய் ஹாஸ்டல்ல விட்டுட்டு வாரேன். அதனால ஒங்க மகன்ட்ட சொல்லுங்க. கோட்டுக்குக் கீழ போனா அந்தக் காலேஜை மறந்துரட்டும். கோட்டுக்கு மேல நின்னா, ஏன் கொறைஞ்சதுன்னு கேப்பான், உள்ளதைச் சொல்லட்டும். சமமா இல்லாத மார்க்கு பாதி கெடுக்கும். மீதி கெடுக்கதுக்கு அப்பன்மாரு இருக்கோம். நீங்க போன்ல கத்துததைக் கொறைங்க.

இன்னா பாருங்க, சட்டைப்பையில. என்னன்னு தெரியுதா? அவ போன் சார்ஜரு. பையெல்லாம் தூக்கி உள்ள குடுத்துட்டு, ஆம்பிளையாளு இதுக்கு மேல வரக்கூடாதுன்னுட்டான், கேட்டுக்கு வெளிய வந்து பையில கையை விட்டா இது இருக்கு. அவ மூணாவது மாடிக்குப் போயிட்டா. போன் போட்டேன், செத்துக் கெடக்கு. சார்ஜ் இல்ல. சார்ஜர் எங்கிட்டல்லா இருக்கு!

நான் வாயைத் தொறந்தா மூணாவது மாடி என்ன, மருதமலையில கேக்கும். ஏட்டி வடிவு, வெளிய வான்னா போதும். தொறந்தேன். பொறவு மூடிட்டேன். உள்ள பிள்ளை படிக்க வந்திருக்கா. மொத நாளு. ஒருக்கா கூப்பிட்டுக் கெடுத்தது போதாதா? அரை மணி நேரம் சார்ஜரைக் கையில வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன். நின்னுட்டு பஸ் ஏறிட்டேன். வாட்ச்மேன்ட்ட குடுத்திருக்கலாமேன்னு கேப்பிய. குடுத்திருக்கலாம்தான். பல்லடம் வந்த பொறவுதான் தோணுச்சு.

செத்த இருங்க, போன் அடிக்கு. யாரு நம்பரு இது?

ஹலோ, யாரு? ... ஏட்டி! இது யாரு போனு? ... கூட இருக்க பிள்ளைதா? ... ஆமாட்டி, எங்கிட்டத்தான் இருக்கு. ... தெரியும், அங்கன வெச்சே பாத்துட்டேன். ... சும்மாதான் நின்னேன். ... எந்த ஜன்னலு? ... நீயா? ... அப்பமே பாத்தியா? ... இல்ல, கேக்கு, கேக்கு. பஸ்ஸு சத்தம். ... சரி. சரிட்டி. வெச்சிரு.

என்ன சொல்லுதா தெரியுமா?

மூணாவது மாடி ஜன்னல்லதான் நின்னாளாம். நான் கேட்டுல நிக்கதும் தெரியுதாம், கையில எதையோ வெச்சுக்கிட்டு முழிக்கதும் தெரியுதாம். "இப்பக் கூப்பிடுவிய, இப்பக் கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டே நின்னேம்ப்பா. இங்க உள்ள பிள்ளையளை எல்லாம் ஜன்னலுக்குக் கூட்டிக்கிட்டு வந்து, எங்க அப்பா குரலை ஒரு தடவை கேளுங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். நீங்க பாட்டுக்குத் திரும்பிட்டிய. எறங்கி ஓடி வாறதுக்குள்ள காணோம்"ங்கா. ஏழு பேரு நின்னாளுவளாம் அண்ணாச்சி, ஜன்னல்ல.

இது எந்த ஊரு? தாராபுரமா? கண்டக்டர் சார்! ஓய், கண்டக்டர் சாஆஆர்! நிப்பாட்டுங்க, ஆளு எறங்கணும்!

எதிர்த்தாப்புல கோயம்புத்தூர் பஸ்ஸு கெடைக்கும்லா? கடையிலயே சார்ஜரு விக்கும்னு எனக்கும் தெரியும் அண்ணாச்சி. காலைத் தள்ளிக்கிடுங்க, நான் எறங்கணும்.